கிரேட் மால்வர்ன் ரயில் நிலையம்: மரப்பலகை மாடல் கிட் ஒன்றைக் கட்டி முடித்தபின் எழுதும் மதிப்புரை

பெங்களூரு காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியை ஐந்து வாரங்களாக இங்கிலாந்து நாட்டு ரயில் நிலையம் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில், மால்வர்ன் குன்றுகளின் சரிவில் இருக்கும் கிரேட் மால்வர்ன் என்னும் நீர்ச்சிகிச்சை ஊரின் நிலையம் அது. 1860களின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தை 1:76 என்ற அளவுக்குச் சுருக்கி, லேசரில் வெட்டிய பிளைவுட் பலகைகளாகப் பெட்டியில் அடைத்து, பெங்களூருவின் சிறு பட்டறை ஒன்று விற்கிறது. விலை 6,850 ரூபாய். பதினான்கு பலகைகள், ஒரு சுருள் பித்தளைக் கம்பி, ஜன்னல்களுக்கான கண்ணாடித் தாள், 12 பக்க வரலாற்றுக் கையேடு ஆகியவை உள்ளே இருக்கின்றன. பசையையும் வண்ணத்தையும் நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அந்த நிலையத்துக்கே உரிய சிறப்பு எதுவோ, சரியாக அந்த இடத்தில்தான் இந்தக் கிட் சறுக்கியிருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் ஜோலார்பேட்டையில் பிறந்து, ரயில்வேயின் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரையிலான பாதை 1864ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எங்கள் குடும்பத்தைப் போல எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை அல்சூருக்கும் சிவாஜி நகருக்கும் கொண்டுவந்து சேர்த்த பாதை அது. கிரேட் மால்வர்னுக்கு ரயில் வந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். கடையில் இருந்த பெட்டிகளில் ஒன்றில் இந்த நிலையத்தின் ஆண்டைப் பார்த்த மாமா, "நம்ம கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வயசும்மா இதுக்கு, இதையே எடு" என்றார். இப்படித்தான் இது எங்கள் வீட்டுக்கு வந்தது.

கிட்டின் நிறைகுறைகளைப் பேசுவதற்கு அந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். குற்றாலத்துக்குச் சீசனில் போய்வந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாரல் தொடங்கியதும் தென்காசி, செங்கோட்டை நிலையங்களில் எண்ணெய்ச் சீசாவும் துண்டுமாக இறங்குகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மால்வர்னுக்கும் தண்ணீரை நம்பி அப்படித்தான் கூட்டம் வந்தது. 1842இல் ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் மேன்பி கல்லி என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே குளிர்நீர்ச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். விடியற்காலையில் எழுப்பி, ஈரத் துணியில் உடலைச் சுற்றிக் கிடத்தி, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, குன்றின் மேல் உள்ள ஊற்று வரை நடக்கவைத்து, அங்கே தண்ணீர் குடிக்கச் செய்வது அவர்கள் முறை. பல ஊர்களின் ஊற்றுநீருக்கு அதில் கரைந்திருக்கும் உப்புகளும் கந்தகமும் பெயர் வாங்கித் தந்தன. மால்வர்ன் தண்ணீரின் பெயரோ அதில் ஏதும் இல்லாததால் வந்தது. ஜான் வால் என்ற மருத்துவர் 1756இலேயே அதைச் சோதித்து, தாதுப்பொருள் மிகமிகக் குறைவு என்று எழுதிவைத்தார். இங்கிலாந்தின் மிகப் பழமையான பாறைகளில் சேர்ந்த அந்தக் குன்றுகளின் கடினமான கல், தன் விரிசல்களின் வழியே இறங்கும் மழைநீருக்கு எதையும் கரைத்துக் கொடுப்பதில்லை.

இத்தகைய ஊருக்கு ரயில் வந்தபோது, நிலையம் என்பது நோயாளி முதலில் காலடி வைக்கும் இடமாகிவிட்டது. வூஸ்டரிலிருந்து ஹெரிஃபோர்டு செல்லும் பாதை 1859 ஜூலையில் மால்வர்ன் லிங்க் வரையிலும், 1860 மே மாதத்தில் மால்வர்ன் வெல்ஸ் வரையிலும் திறக்கப்பட்டது. குன்றுக்கு அடியில் சுரங்கம் குடைந்து முடித்து, 1861 செப்டம்பரில் மறுபக்கத்துக்கும் வண்டி ஓடியது. அந்த வட்டாரத்து நிலங்களின் உரிமை லேடி எமிலி ஃபோலி என்ற சீமாட்டியிடம் இருந்தது. நெருக்கி வீடு கட்டக் கூடாது, மரங்கள் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததால்தான் அந்த ஊர் இன்றும் தோப்புக்குள் அமைந்த ஊர்போல இருக்கிறது என்பார்கள். நிலையத்தைக் கட்டும் பொறுப்பு எட்மண்ட் வாலஸ் எல்ம்ஸ்லி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. நிலையத்தின் அருகிலேயே 1862இல் திறந்த இம்பீரியல் ஹோட்டலைக் கட்டியவரும் அவரே. நிலையம், ஹோட்டல், இரண்டையும் இணைக்கும் மூடிய வழி ஆகிய மூன்றையும் பயணி ஒரே வரவேற்பாக உணர வேண்டும் என்ற எண்ணம் அந்த அமைப்பில் தெளிவாகத் தெரிகிறது. கிட்டைக் கட்டத் தொடங்குவதற்கு முன் எனக்கு இது வெறும் தகவலாக இருந்தது. பலகைகளை எண் பார்த்துப் பிரித்து, எது எதனுடன் சேருகிறது என்று கையில் வைத்துப் பொருத்தியபோதுதான் அந்த எண்ணத்தின் அழகு பிடிபட்டது.

சுவர்களில் குறை சொல்ல ஏதுமில்லை. உண்மையான நிலையம் அக்குன்றுகளின் கரடுமுரடான கல்லால் ஆனது. செதுக்கிச் சதுரமாக்காமல், கிடைத்த வடிவிலேயே அடுக்கிய கற்களுக்கு ஓரங்களிலும் ஜன்னல் விளிம்புகளிலும் மட்டும் இழைத்த கல் வைத்திருக்கிறார்கள். லேசர் பொறிப்பில் இந்த ஒழுங்கின்மையைக் கொண்டுவருவது கடினம். பெரும்பாலான கிட்டுகளில் செங்கல் வரிசைபோல ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்தும். இங்கே சுவருக்குச் சுவர் கற்களைத் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். சாம்பல் நிறத்தை அடித்து, அதன் மேல் நீர்த்த காவியைத் துணியால் ஒற்றியெடுத்தபோது, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது கல்லாகவே தெரிந்தது. செங்குத்தான கூரையும், முகப்பின் முக்கோணச் சுவர்களும், புகைபோக்கிகளும் இழைகூட விலகாமல் பொருந்தின. கூரைப் பலகைகளைக் கூட்டும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டு ஒட்டினால் போதும்.

குறை இருப்பது 11ஆம் எண் பலகையில். நடைமேடைக் கூரையைத் தாங்கும் தூண்களும் அவற்றின் போதிகைகளும் அதில்தான் இருக்கின்றன.

போதிகை என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். நம் கோயில் தூண்களின் உச்சியில், உத்தரம் வந்து உட்காரும் இடத்தில் சிற்பி தன் கைவரிசையைக் காட்டும் பகுதி அது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபத்தில் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கிரேட் மால்வர்ன் நிலையத்தின் பெருமையே அதன் வார்ப்பிரும்புத் தூண்களின் உச்சியில் இருக்கிறது. வில்லியம் ஃபோர்சைத் என்ற சிற்பி அவற்றில் இலைகளையும் பூக்களையும் புடைப்பாக வடித்திருக்கிறார். ஒரு தூணில் உள்ள கொத்து அடுத்த தூணில் இருக்காது. பிற்காலத்தில் அவற்றுக்கு வண்ணமும் பூசியிருக்கிறார்கள். என் அக்கா மகள் பர்மிங்ஹாமில் படிக்கிறாள். அங்கிருந்து கிரேட் மால்வர்னுக்கு நேரடியாகவே ரயில் இருக்கிறது. கிட்டை வாங்கிய வாரத்தில் அவளிடம் இதைச் சொல்லிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தூண் தூணாகப் படம் எடுத்து அனுப்பினாள். அன்றிரவு தொலைபேசியில் பேசியபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "சித்தி, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்பதுதான். ஒன்றில் அகன்ற இலைகள் நுனி மடிந்து வெளியே வளைந்திருக்கின்றன. இன்னொன்றில் சிறு பூக்கள் நெருக்கமாகக் கட்டிய சரம்போல இருக்கின்றன. வேறொன்றில் இலைகளுக்கு நடுவே மொட்டுகள் எட்டிப் பார்க்கின்றன.

கிட்டில் உள்ள 18 போதிகைகளும் ஒரே வடிவம். நான்கு இதழ் வைத்த ஒரு சிறு தட்டை, பதினெட்டு முறை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்கலாம். வார்ப்பு வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். மரத்தில் ஒரு மாதிரி செய்து, அதை மணலில் பதித்து, அந்தப் பதிவுக்குள் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். மாதிரி ஒன்று இருந்தால் நூறு தூண்களைக்கூட ஒரே அச்சாக வார்த்துவிடலாம். வார்ப்பிரும்பின் சிக்கனமே அதில்தான் இருக்கிறது. அந்த நூற்றாண்டின் நிலையங்களில் ஒரே தூண் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். ஒவ்வொரு தூணுக்கும் வேறு கொத்து வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி செய்ய வேண்டும், தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். கிரேட் மால்வர்னில் அந்தக் கூடுதல் செலவைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். உடம்பு தேற வேண்டும் என்று வந்து இறங்குகிறவர், வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தலை நிமிர்ந்து பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்ற பரிவு அதில் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். லேசர் இயந்திரத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஒரே வடிவத்தைப் பதினெட்டு முறை வெட்டினாலும், பதினெட்டு வடிவங்களை ஒவ்வொரு முறை வெட்டினாலும் அதற்கு ஆகும் மின்சாரமும் பலகையும் ஒன்றே. வரைபவரின் நேரம் மட்டும்தான் கூடும். 1862இல் செலவு செய்து கொண்டுவந்த வேறுபாட்டை, இன்று பெரிதாகச் செலவில்லாத நிலையில் கைவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மாமாவுக்கு இந்தத் தூண்கள் வேறு விதத்தில் வியப்பாக இருந்தன. "எங்க ஸ்டேஷன்கள்ல தூணுன்னா தேஞ்ச தண்டவாளம்தாம்மா. ஓடி முடிச்சதை வெட்டி நட்டு, மேல தகரம் போட்டுருவோம். இவங்க தூணுக்குப் பூ வச்சிருக்காங்களே" என்று, அக்கா மகள் அனுப்பிய படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "இதை இப்படியே ஒட்ட வேணாம், நாமளே செஞ்சுடலாம்" என்று முடிவு சொன்னார்.

அதனால் போதிகைகளை நாங்களே செய்தோம். விருப்பமுள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் முறையைச் சொல்கிறேன். எம்-சீல் என்ற ஒட்டுமாவின் இரண்டு பகுதிகளையும் கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளியெடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். அதற்குமேல் எடுத்தால் வேலை முடிவதற்குள் இறுகிவிடும். விரலில் முகப்பவுடர் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. கிட்டின் நான்கிதழ்த் தட்டைக் கீழே வைத்து, அதன் மேல் இந்தப் பசைமாவைத் தொப்பிபோல உட்கார்த்தி, தையல் ஊசியின் காதுப் பக்கத்தால் நரம்புகளை இழுத்து, மை தீர்ந்த ரீஃபில் முனையால் அழுத்தினால் சிறு பூக்களின் வட்டம் கிடைக்கிறது. இலையின் நுனியை மடிப்பதற்கு இடுக்கியைவிட நகமே நன்றாக வேலை செய்தது. ஒரு மாலையில் மூன்று போதிகைக்கு மேல் செய்ய முடியவில்லை, கண் வலித்துவிடும். பதினெட்டும் முடிய ஆறு மாலைகள் ஆயின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பச்சையும் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும் பூசித் தூண்களின் மேல் வைத்தபோது நடைமேடை முழுவதும் உயிர் பெற்றுவிட்டது. கிட்டின் தட்டுகளை மட்டும் ஒட்டியிருந்தால் அது ஏதோ ஒரு நிலையமாகத்தான் இருந்திருக்கும்.

குறையை இவ்வளவு சொன்னபின், கிட்டின் மிகச் சிறந்த பகுதியையும் அதே அளவு மனதாரச் சொல்ல வேண்டும். நடைமேடையிலிருந்து இம்பீரியல் ஹோட்டலின் அடித்தளத்துக்குச் செல்லும் மூடிய வழி அது. உள்ளூர்க்காரர்கள் அதைப் புழு என்று அழைக்கிறார்கள். பாதி மண்ணுக்குள் புதைந்து, நெளிவுத் தகடு போர்த்திய அந்த வழியில், வண்டியிலிருந்து இறங்கிய விருந்தினர் மழையிலும் குளிரிலும் நனையாமல் நேராக ஹோட்டலுக்குள் போய்விடலாம். வெகுகாலமாக அது பயன்பாட்டில் இல்லை. இதை விட்டுவிட்டு நிலையத்தை மட்டும் செய்து விற்றிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இந்தப் பட்டறைக்காரரோ அதற்காகவே இரண்டு பலகைகளை ஒதுக்கி, உள்ளே எட்டிப் பார்க்கும்படி ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மாட்டும் வகையில் அமைத்து, அதன் மறுமுனையில் ஹோட்டல் அடித்தளத்தின் வாசலையும் வைத்திருக்கிறார். வளைந்த கூரைக்கு வெந்நீரில் நனைத்து வளைக்கும் மெல்லிய பலகையைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஊறவைத்து, சப்பாத்திக் கட்டையைச் சுற்றிக் கட்டி ஓர் இரவு வைத்தால் வளைவு அப்படியே நிற்கிறது. கண்டோன்மென்ட் நிலையத்தில் ஆடிக்காற்றும் மழையுமாக இறங்கி, ஆட்டோவுக்காகப் பெட்டிகளோடு நனைந்துகொண்டு நின்ற அனுபவம் உள்ள யாருக்கும், அந்த வழியைக் கட்டியவர்களின் அக்கறை உடனே மனதில் தைக்கும்.

கையேட்டுக்கு வருகிறேன். நல்ல தாளில், தெளிவான எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பிழைகள் இருக்கின்றன. நிலையக் கட்டடம் 1860இல் முடிந்ததாக முதல் பக்கத்திலேயே வருகிறது. ரயில் வந்த ஆண்டுதான் 1860, எல்ம்ஸ்லியின் கட்டடம் முடிந்தது 1862இல். அதைவிடப் பெரிய பிழை, சார்லஸ் டார்வின் தம் நோயுற்ற மகளுடன் இந்த நிலையத்தில் வந்து இறங்கினார் என்று எழுதியிருப்பது. டார்வின் கல்லியிடம் சிகிச்சைக்காக 1849இல் மால்வர்னுக்கு வந்தார் என்பது உண்மை. மகள் ஆனியையும் பின்னர் அங்கே அனுப்பினார். அந்தக் குழந்தை 1851 ஏப்ரலில், பத்து வயதில், அங்கேயே இறந்துபோனது. ஊர் நடுவில் இருக்கும் ப்ரையரி தேவாலயத்தின் முற்றத்தில் அவளுடைய கல்லறை இருக்கிறது. அந்த ஆண்டில் மால்வர்னுக்குத் தண்டவாளமே வரவில்லை. நிலையத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்ற ஆசையில் யாரோ சேர்த்திருக்கலாம். ஒரு குழந்தையின் சாவோடு சம்பந்தப்பட்ட செய்தியில் அப்படிச் செய்யக் கூடாது. அந்தப் பக்கத்தைத் திருத்தி அச்சிட வேண்டும் என்று பட்டறைக்கு எழுதியிருக்கிறேன்.

கையேட்டில் இருக்க வேண்டிய ஒரு செய்தி இல்லாமலும் போயிருக்கிறது. நிலையத்தில் லேடி ஃபோலிக்கென்று தனிக் காத்திருப்பு அறை ஒன்று இருந்தது. இப்போது அது அவர் பெயரிலேயே தேநீர் அறையாக நடக்கிறது. கிட்டில் அந்த அறையின் ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் பலகைதான். ஒரு மேசை, நான்கு நாற்காலிகளாவது வெட்டிக் கொடுத்திருந்தால், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். நாங்கள் தீக்குச்சிகளால் செய்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு செய்தியை வாங்குபவர்கள் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சொல்கிறேன். பழைய படங்களில் கூரையின் மேல் கூரிய உச்சியுடன் ஒரு சிறு கடிகாரக் கோபுரம் தெரியும். கிட்டில் அது இல்லை. இது பட்டறையின் பிழை என்று நான் முதலில் நினைத்தேன். அந்தக் கோபுரம் உண்மையிலேயே வெகுநாட்களுக்கு முன் போய்விட்டது. 1986இல் தீப்பிடித்து நிலையத்தின் ஒரு பகுதி எரிந்தபின் அதைப் பழையபடி சீரமைத்தார்கள். கிட் காட்டுவது இப்போது நிற்கும் நிலையத்தைத்தான். கட்டிய காலத்துத் தோற்றம் வேண்டுமென்பவர் கோபுரத்தைத் தாமே செய்து சேர்க்க வேண்டியிருக்கும்.

தண்டவாளத்தைப் பற்றி மாமா சொன்னதைச் சேர்க்காவிட்டால் அவர் வருத்தப்படுவார். இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் நம் ஊர் அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர், இங்கிலாந்தின் பாதையில் 1,435 மில்லிமீட்டர். கிட்டோடு வரும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். 1:76 என்ற அளவில் பெருக்கினால் அது 1,254 மில்லிமீட்டர்தான் வருகிறது. கட்டடத்துக்குப் பக்கத்தில் பாதை சற்று ஒடுங்கித் தெரிவது அதனால்தான். இதில் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் மாடல் ரயில்களில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட சமரசம் இது. கடையில் கிடைக்கும் இந்த அளவு எஞ்சின்கள் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் பாதைக்குத்தான் செய்யப்படுகின்றன. வண்டி ஓட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதுவே வசதி. வெறும் காட்சிக்கு வைப்பவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி சற்று அகலமாகப் போட்டுக்கொள்ளலாம். மாமா கணக்குப் போட்டு 18.8 மில்லிமீட்டரில் ஒட்டினார்.

நீர்ச்சிகிச்சையின் மவுசு அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே குறைந்துவிட்டது. இம்பீரியல் ஹோட்டல் 1919இல் பெண்கள் பள்ளியின் கைக்கு மாறியது. நோயாளிகள் இறங்கிய நடைமேடையில் தகரப் பெட்டிகளோடு பள்ளிச் சிறுமிகள் இறங்கத் தொடங்கினார்கள். 1942 மே மாதத்தில், போரின் நடுவே, பிரிட்டனின் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தைத் தென்கடற்கரையிலிருந்து மால்வர்னுக்கு மாற்றினார்கள். ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) தொழிற்சாலையைச் சுற்றி ஒரு புதிய ஊரே எழுந்ததைப் பார்த்த பெங்களூரு வாசிகளுக்கு, அமைதியான ஊர் ஒன்றில் திடீரென்று விஞ்ஞானிகளின் குடும்பங்கள் வந்து நிறையும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கையேடு இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பத்தி பிழையில்லாமல் இருக்கிறது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்துபோட்டு வைக்காதீர்கள். எங்களுக்கு 6ஆம் பலகை ஒரே வாரத்தில் வில்போல வளைந்துவிட்டது. அதை இரண்டு நாள் கனமான டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்த வேண்டியிருந்தது. சுவர்களுக்கு ஃபெவிகால் போதும், அவசரப்படாமல் காயவிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். கண்ணாடித் தாளுக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவியில் தாள் வெளுத்துப் பனி படிந்ததுபோல ஆகிவிடுகிறது. செய்முறைத் தாளின் படங்கள் தெளிவாக இருக்கின்றன. 9ஆம் படியில் காட்டியிருக்கும் புகைபோக்கிகள் மட்டும் இடவலமாக மாறியிருக்கின்றன. ஒட்டுவதற்கு முன் பெட்டியின் மேல் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் பெரியவர் துணையோடு சுவர்களையும் கூரையையும் கட்டிவிடுவார்கள். தூண்கள் அவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும்.

பட்டறைக்காரரிடம் போதிகைகளைப் பற்றிப் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. நாங்கள் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். தமக்குக் கிடைத்த படங்களில் தூண்களின் உச்சி நிழலாக இருந்ததால் ஒரே வடிவத்தில் வரைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அக்கா மகளின் ஒப்புதலோடு அவள் எடுத்த படங்களை எல்லாம் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை வெட்டும் பெட்டிகளில் பதினெட்டையும் வேறுவேறாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய இருப்பும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பெட்டி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லி, 11ஆம் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.